கோரை முளைத்த பாதி

பின்னறையில் இரும்போடு இரும்பு மோதும் சத்தம் கேட்டது. டீக்குப் பால் வைத்துக்கொண்டிருந்த மீனம்மாள், அங்கே என்ன தேடுகிறாய் என்று குரல் கொடுத்தாள். களைக்கொத்தை எங்கே வைத்திருக்கிறாய் அண்ணி என்று பதில் வந்தது. கங்காவின் குரல்.

கங்கா அவள் புருஷன் இராமச்சந்திரனின் தங்கை. இராமச்சந்திரன் போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாகிறது. பிள்ளை குட்டி இல்லாத மீனம்மாளுக்கு இந்தப் பிள்ளைப்பாக்கத்தில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள மிஞ்சியவள் கங்கா ஒருத்திதான்.

கல்யாணமாகி வந்த நாள் முதல் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து களை எடுத்தவர்கள். வரிசையில் எவளாவது பின்தங்கினால் பக்கத்துக்காரி ஒன்றும் சொல்லாமல் அவள் பங்கிலும் கை நீட்டிக் களைந்துகொண்டே போவாள். எல்லாரும் ஒன்றாகத்தான் வரப்பில் ஏற வேண்டும். யாருக்காகக் கை நீட்டினோம் என்று வெளியே சொல்வதில்லை. அது அந்தப் பெண்களின் மானம்.

நிலமெல்லாம் கம்பெனிகளுக்குப் போன பிறகு, ஒரகடம் சாலையில் முளைத்த வில்லாக்களுக்குத் தோட்ட வேலைக்குப் போனார்கள் இருவரும். அங்கே சுகப்பிரியா மேடம் வீட்டில் பெரிய புல்தரை. நடுவில் கயிறு கட்டி ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கேட் பக்கம் மீனம்மாளுக்கு, சுவர் பக்கம் கங்காவுக்கு.

புல்லுக்கு நடுவே வருவது கோரை. பார்க்கப் புல்லைப் போலவே இருக்கும். அடியில் கிழங்கு, அந்தக் கிழங்கிலிருந்து ஒரு நரம்பு ஓடி இன்னொரு கிழங்கு. உட்கார்ந்து, கொத்தால் ஆழமாகக் குத்திக் கிழங்கோடு எடுக்க வேண்டும். தலையை மட்டும் கிள்ளினால் நாலாம் நாள் மறுபடி வந்து நிற்கும். கங்காவுக்கு முட்டி வீங்கி உட்கார முடியாமல் போனது. நின்றபடியே குனிந்து கிள்ள ஆரம்பித்தாள். மீனம்மாள் கவனித்தாள். கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் விடிவதற்கு முன்பே போய், சுவர் பக்கத்துக் கிழங்குகளை எல்லாம் தோண்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல வெளியே வந்து கங்காவோடு சேர்ந்து மறுபடி உள்ளே போனாள். இப்படி இரண்டு வருஷம்.

போன மாதம் மீனம்மாளுக்குக் காய்ச்சல். மூன்று வாரம் எழுந்திருக்க முடியவில்லை. பகலில் நிதானமாகத் தோண்டிய கேட் பக்கம் தாங்கியது; இருட்டில் தோண்டிய சுவரோரம் முழுக்க அதற்குள் கோரை மண்டிவிட்டது. மேடம் போனில் கூப்பிட்டு, உங்கள் பக்கத்தை இப்படி ஏமாற்றி வைத்திருக்கிறீர்களே, இனி வர வேண்டாம் என்றாள். மேடம் பக்கத்தை மாற்றிப் புரிந்துகொண்டாள் போலிருக்கிறது என்று மீனம்மாள் நினைத்தாள். அது என் பக்கம் இல்லை என்ற ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் கங்காவின் வேலை போகும். விழுங்கிக்கொண்டாள். களை எடுப்பதில் யாரிடமும் ஒரு பேச்சு வாங்காதவள், அன்றைக்கு வாங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே கங்கா ஓடி வந்தாள், என்னையும் நிறுத்திவிட்டார்கள் என்று. இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அது நடந்து நாலு நாள்தான் ஆகிறது.

“வேலையே இல்லாதப்ப கொத்து இன்னாத்துக்கு கங்கா?”

கங்கா கொத்தோடு வந்து நின்றாள். தரையைப் பார்த்தாள்.

“என்னை நிறுத்தல அண்ணி. பத்து நாள் குடுத்துகீறாங்க. உன் பக்கத்த சுத்தம் பண்ணிட்டா லான் மொத்தமும் எனக்குன்னாங்க.”

“எது என் பக்கம்?”

“செவுத்தோரம் யாருதுன்னு கேட்டாங்க. அண்ணியுதுன்னு சொல்லிட்டேன்.” கங்கா முட்டியைத் தொட்டுக் காட்டினாள். “உனுக்குக் கை கீது. எந்த வூட்லயும் சேத்துப்பாங்க. என் முட்டிய பாத்துட்டு எவ வேல குடுப்பா?”

மீனம்மாள் அடுப்பை அணைத்தாள். பயத்தில் சொன்ன பொய். வயிற்றுக்காகச் சொன்ன பொய். அதோடு நின்றிருந்தால் அவள் மனசு அப்போதே மன்னித்திருக்கும். கங்கா அதோடு நிறுத்தவில்லை.

“கெயங்கு எனக்கு வராது அண்ணி. நீ எப்பவும் மாதிரி விடியறதுக்குள்ள வந்து எடுத்துக் குடுத்துட்டுப் பூடு. வாட்ச்மேன்கிட்ட சொல்லி வெச்சிகீறேன்.”

எப்பவும் மாதிரி.

மீனம்மாள் திரும்பிப் பார்த்தாள். “உனக்குத் தெரியுமா?”

“மண்ணு கிளறி கீறது தெரியாதா? நானும் களை எடுத்தவதான?”

இரண்டு வருஷம் யாருடைய மானத்தைக் காப்பாற்ற இருட்டில் குனிந்தாளோ, அவள் எல்லாம் அறிந்தே கயிற்றின் அந்தப் பக்கத்தை அண்ணியின் தலையில் கட்டியிருக்கிறாள்.

மீனம்மாள் அழவில்லை. டீ போடவும் இல்லை.

“கொத்து வேணும்னா எடுத்துக்கினு போ. என் கை வராது.”

கங்கா அசையாமல் நின்றாள். வயலில் பின்தங்கிய போதெல்லாம் நீண்டு வந்த கை, இப்போதும் வரும் என்று காத்திருந்தாள் போலும். வரவில்லை. ஒரு காலை இழுத்து இழுத்து வாசலைத் தாண்டினாள். தெருவில் நின்று, “அண்ணி” என்று திரும்பினாள்.

மீனம்மாள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.