கப்பலூரில் ஒரு ரிட்ரீட், மெல்போர்னில் ஒரு ரிட்ரீட்

மெல்போர்னுக்கு வெளியே என் மகன் குடியிருக்கும் தெருவில் காலை நேரத்தில் ஒரு மனிதரைப் பார்த்துவிட்டால் அது அன்றைக்குப் பெரிய செய்தி. வீடுகள் இருக்கும், கார்கள் இருக்கும், புல் வெட்டியிருக்கும். வெட்டிய ஆள் இருக்க மாட்டார். போன புதிதில் ஒருநாள் அந்தத் தெருவில் நடந்துபோகையில் ஒரு மரக்கேட்டில் பலகை தொங்குவதைக் கண்டேன். நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கிலீஷை எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படிப்பேன். கூட்டினேன். ரிட்ரீட். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கடல் தாண்டி வந்த இடத்தில் நம் தொழில்காரர் ஒருவர்!

என் தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மதுரைக்குத் தெற்கே கப்பலூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் முப்பது வருடம் டயர் பட்டறை நடத்தியவன் நான். பட்டன் தேய்ந்து மொட்டையாகிப்போன லாரி டயரைச் சுரண்டி, பசை தடவி, புது ரப்பர் ஒட்டி, சேம்பரில் வேகவைத்து மறுபடி ரோட்டுக்கு அனுப்புவது. அதற்குச் சரியான பெயர் ரீட்ரெட் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். கப்பலூர்க்காரர் வாயில் அது ரிட்ரீட் ஆகிப் பல காலம் ஆயிற்று. “அண்ணே, நாலு டயருக்கு ரிட்ரீட் போடணும்” என்றுதான் டிரைவர்கள் வந்து நிற்பார்கள். கொட்டாம்பட்டி ரோட்டோரம் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த என் இரண்டு கைகளால் எழும்பிய பட்டறை அது. காலேஜ் படித்த முதலாளிகள் எல்லாம் எஸ்டேட் கூட்டத்தில் என்னைக் கண்டால் எழுந்து நாற்காலி போடுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஆகவே யாரையும் கேட்காமல் கேட்டைத் திறந்து உள்ளே போனேன். டயர் அடுக்கு பின்பக்கம் இருக்கும் என்று வீட்டைச் சுற்றிக்கொண்டும் போனேன். அங்கே ரோஜாச் செடிகளும் நாலு கோழிகளும், தொப்பி வைத்த ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாவும் இருந்தார்கள். பெயர் மார்கரெட் என்பது பிறகு தெரிந்தது. “யூ ரிட்ரீட்?” என்று கேட்டேன். “யெஸ், திஸ் இஸ் மை ரிட்ரீட்” என்று சிரித்தார். “மீ ஆல்சோ ரிட்ரீட். தேர்ட்டி இயர்ஸ்” என்றேன். அம்மா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். “தேர்ட்டி இயர்ஸ்! இன் சைலன்ஸ்?” “நோ, நோ. பிக் சவுண்ட். ஸ்மோக். வெரி ஹாட்.” அவர் முகம் கொஞ்சம் குழம்பியது. தனியாகவா என்று கேட்டார். என்னிடம் வேலை பார்த்தவர்களை நினைத்துக்கொண்டு, “ட்வெல்வ் மென் வித் மீ” என்றேன். “ட்வெல்வ்” என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னவர், உள்ளே போய் டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். நல்ல மரியாதை தெரிந்த தேசம் என்று நினைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

என் வீட்டுக்காரி ஸ்டெல்லா மதுரையில் மிஷன் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இங்கிலீஷ் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. மெல்போர்னில் மகன் வீட்டுப் பக்கத்து நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை வாசித்துக் காட்டப் போவாள். அந்த வாரமே மார்கரெட் அவளை நூலகத்தில் பார்த்து, என் வீட்டுக்காரி என்று தெரிந்துகொண்டு, என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார். வீட்டுக்குள் வரும்போதே ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது.

“அட ஆண்டவரே! அந்தம்மா ஒங்களச் சாமியார்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. பன்னெண்டு சீடர்களோட முப்பது வருசம் தவம் இருந்தீங்களாம்ல?”

“ஏன், தவக்காலமானா நீ மூணு நாளு ரிட்ரீட்னு கோயில்ல போயி ஒக்காரல?”

“அதுதான் ரிட்ரீட். ஒங்களது ரீட்ரெட். வாயத் தொறந்து ஒழுங்காச் சொல்லுங்க பாப்போம்.”

சொல்லிப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன. அவள் டீச்சர் குரலில் விளக்கினாள். பட்டாளம் பின்வாங்குவதற்குத்தான் அந்தச் சொல்லாம். அதிலிருந்துதான் ஒதுங்கி ஜெபம் செய்வது, ஒதுங்கி வாழும் வீடு எல்லாம் வந்தனவாம். “தோத்து ஓடுறதா?” என்று கேட்டேன். “ஓடுறதில்லைங்க. ஆளு மிச்சமிருக்கும்போதே பின்னால நகர்றது” என்றாள். எனக்கு ஒப்பவில்லை. மதுரை திருநகரில் எங்கள் வீடு இருக்கும் தெருவில் வீடுகளுக்கு அன்னை இல்லம், மாதா அருள் என்று பெயர் இருக்கிறது. பின்வாங்கிவிட்டேன் என்று கேட்டில் எழுதி மாட்ட நம் ஆட்களில் ஒருவனுக்குத் துணிச்சல் வருமா? அந்த அம்மா நகரத்தில் பெரிய வேலையை விட்டுவிட்டு வந்து கோழி வளர்க்கிறார்; கேட்டால் அதைச் சந்தோஷமாகச் சொல்கிறார். என் மகன் ஆபீசிலும் வருடம் ஒருமுறை எல்லோரையும் மலைக்குக் கூட்டிப்போய்க் கயிறு இழுக்க விடுகிறார்கள். அதற்கும் ரிட்ரீட் என்றுதான் பெயர். போனதைவிட அலுத்துப்போய் வருவான். பின்னால் போவதற்கு இம்புட்டு அலங்காரமா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

எரிச்சலுக்குக் காரணம் அந்தச் சொல் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். கப்பலூரை விட்டுப் புறப்பட்ட அன்று பட்டறையைப் பாண்டி கையில் ஒப்படைத்தேன். இருபது வருடம் என்னோடு உழைத்தவன். நான் மாப்ள என்பேன், அவன் அண்ணே என்பான். எஸ்டேட்டே கூடி மாலை போட்டது. “இனி வந்தா விருந்தாளியாத்தான் வருவேன்” என்று எல்லோர் முன்னாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். பாண்டி மட்டும், “பாப்போம்ணே. அங்க போயி ஒரு மாசம் வாய மூடிக்கிட்டு இருங்க, நான் மீசைய எடுத்துர்றேன்” என்றான். இந்த வாய்ச்சவடாலை வைத்துக்கொண்டு எப்படித் திரும்புவது? திரும்பவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. மகன் வீட்டில் குப்பைத் தொட்டியின் சக்கரத்தைக் கழற்றி மாட்டுவேன். கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவேன். தெருமுனை வரை போய்த் திரும்புவேன். “ரிலாக்ஸ் பண்ணுங்கப்பா” என்பான் மகன். எப்படிப் பண்ணுவது என்று அவன் சொல்லித் தரவில்லை.

ஸ்டெல்லா கதை வேறு. அறுபது தாண்டிய பிறகு அங்கே கார் ஓட்டப் பழகி லைசன்ஸ் வாங்கிவிட்டாள். லாரி லாரியாக டயர் பார்த்த நான் எழுத்துத் தேர்விலேயே தோற்று நின்றுவிட்டேன். சூப்பர் மார்க்கெட்டுக்கு அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போவேன். டயர் சத்தத்தை வைத்தே காற்றுக் குறைவு என்று சொல்வேன். சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஒருநாள் அந்தக் காரில் வைத்தே கேட்டேன், ஊரோடு போய்விடலாமா என்று. அவள் ஓரமாக வண்டியை நிறுத்தினாள்.

“முப்பத்தஞ்சு வருசம் மணியடிச்சா எந்திரிச்சேன், மணியடிச்சா ஒக்காந்தேன். இங்கதான் எனக்கு இஷ்டப்பட்ட ரோட்டுல வண்டிய விடுறேன். என்னைய எறங்கச் சொல்லாதீங்க. நீங்க போங்க, இருந்து பாருங்க. வர்றதா இருந்தா வாங்க.”

கோபமில்லாமல் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது. திரும்பி வருவதற்கும் சேர்த்தே டிக்கெட் போட்டு மகன் என்னை அனுப்பினான். வருகிற வியாழக்கிழமை அந்த விமானம். ஏறினால் ஸ்டெல்லாவோடு அந்த மௌனமான தெருவில்; ஏறாவிட்டால் திருநகரில் தனியே. இதைத் திருநகர் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

வந்த மறுநாளே பஸ் பிடித்துக் கப்பலூர் போனேன். “என்னண்ணே, ஆஸ்திரேலியா டயர்ல காத்து எறங்கிருச்சா?” என்று பாண்டி ஓடிவந்து கட்டிக்கொண்டான். “ஒரு மாசத்துக்கு மேலயே இருந்துட்டேன்ல, மீசைய எடுத்துட்டு அப்பறம் பேசு மாப்ள” என்றேன். பையன்கள் சிரித்தார்கள். ஆனால் என் மேசை இருந்த இடத்தில் கண்ணாடி அறை வந்திருந்தது. துண்டால் துடைத்து ஒரு நாற்காலி போட்டான், விருந்தாளி நாற்காலி. கண்ணாடி கிளாஸில் குடித்துப் பழகிய எனக்குத் தட்டோடு கப்பில் டீ வந்தது. சும்மா இருக்க முடியாமல், கிடந்த டயர் ஒன்றின் உள்ளே கைவிட்டு வெட்டு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். “விடுங்கண்ணே, பசங்க பாத்துக்கிருவாங்க. சட்டை அழுக்காயிரும்” என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். மகன் சொன்னதும் இதேதான், பாஷைதான் வேறு. வெளியே பட்டன் தேய்ந்தால் பரவாயில்லை, உள்ளே நூல் அறுந்திருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. எத்தனையோ டயரைத் தட்டிப் பார்த்து ஓடும், ஓடாது என்று தீர்ப்புச் சொன்னவன் நான். என்னைத் தட்டிப் பார்த்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. ஆனாலும் தினமும் போனேன். போய் உட்கார்ந்து, எழுந்து, ரோட்டைப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தேன்.

நேற்று மதியம் பட்டறை வாசலில் நிற்கும்போது ஸ்டெல்லாவின் போன் வந்தது.

“வியாழக்கிழமை கெளம்புறீங்களா, இல்லையா? ஏர்போர்ட்டுக்கு நான் வண்டி எடுத்துக்கிட்டு வரணும்ல? அத மட்டும் சொல்லுங்க.”

“நீ வரச் சொல்றியா?”

“நான் சொல்ல மாட்டேன். நான் சொல்லி நீங்க வந்தா, அங்க தடுமன் பிடிச்சாக்கூட என்னையத்தான் குத்தம் சொல்லுவீங்க.”

பதில் சொல்வதற்குள் ஒரு லாரி பட்டறைக்குள் பின்பக்கமாக நுழையத் தொடங்கியது. பாண்டி அதன் பின்னால் நின்று லாரியின் பின்பலகையைத் தட்டிக்கொண்டே கத்தினான். “வா... வா... வரட்டும்... நேரா வா... இன்னும் வா...” போனில் ஸ்டெல்லா, “யாருங்க அங்க வா வான்னு கூப்புடுறது?” என்று கேட்டாள். “பாண்டிதான். லாரி பின்னால வருது” என்றேன். சொன்ன பிறகுதான் அது என் மண்டையில் ஏறியது. டிரைவருக்கு அது பின்னால் போவது. பின்னால் நிற்கிற பாண்டிக்கு அது வருவது. முப்பது வருடமாக அந்தச் சத்தத்திலேயே கிடந்தும் எனக்கு இது தோன்றியதில்லை.

“பின்னால பாத்து நில்லுங்க” என்றாள் ஸ்டெல்லா.

“சரி, வாரேன்” என்று இன்ஜின் சத்தத்துக்கு மேலே உரக்கச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டான். பட்டறை முழுக்க என் குரல் மட்டும் கேட்டது. போனில் ஸ்டெல்லா, “சரி, வாங்க” என்றாள். லாரிக்குப் பின்னாலிருந்து பாண்டி, தன்னிடம்தான் விடைபெறுகிறேன் என்று நினைத்து, கரிக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

“சரிண்ணே, வாங்க” என்றான்.