அரக்குச் சிவப்பு என்று சான்றளிக்கப்பட்டது

என்னைப் பெண் கேட்ட திருநெல்வேலி வீட்டார், நேரில் வருமுன் ஒரு போட்டோ அனுப்பச் சொன்னார்கள். மாப்பிள்ளையின் போட்டோ முன்பே வந்து, மலையாளச் சீமையில், ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்துக்குள் இருந்தது. அந்த வாரம் நான் பஞ்சாங்கம் பார்த்த அளவுக்குத் தெரு வாத்தியார்கூடப் பார்த்திருக்கமாட்டார். மாப்பிள்ளையை எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது.

அம்மா தன் அரக்குச் சிவப்புப் பட்டுப் புடவையை எனக்குக் கட்டிவிட்டாள். சாலைக் கடைத்தெருவில் இருந்த ஸ்டூடியோவில், குளம் வரைந்த திரைக்கு முன்னால் மூச்சுவிடாமல் நின்றேன். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. புடவை கன்னங்கரேலென்று இருந்தது. நெற்றிக் குங்குமமும் கறுப்பு.

"சுவப்பு இதுல கறுத்துத்தான் வரும் ஸ்வாமி. எந்து செய்யும்?" என்று அப்பாவிடம் மலையாளத்தில் கையை விரித்தார் போட்டோக்காரர்.

"அப்போ நீலப் புடவையில எடுத்துடலாமே" என்றாள் அம்மா.

"அது வெளுத்துப் போகும்."

கல்யாணமாகாத பெண்ணுக்கு வெள்ளைப் புடவையா! அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். கறுப்பைப் பார்த்து அந்த இடம் கைவிட்டுப் போய்விடுமோ என்று நான் அழ ஆரம்பித்தேன்.

அப்பா கச்சேரியில், அதாவது சர்க்கார் ஆபீஸில், குமாஸ்தா. கையெழுத்துப் போட்ட காகிதத்தில் பிரம்மாவே வந்தாலும் கைவைக்கக் கூடாது என்பவர். "இதுக்குப் போயா அழறே?" என்று மைக்கூட்டைத் திறந்தார். புடவையிலிருந்து ஓரத்துக்கு ஓர் அம்புக்குறி: 'அரக்குச் சிவப்பு.' நெற்றியிலிருந்து: 'குங்குமம், சிவப்பு.' குளத்திலிருந்து: 'திரையில் வரைந்தது.' கூந்தலிலிருந்து: 'இது உண்மையிலேயே கறுப்பு.' அடியில், 'மேற்கண்ட நிறங்கள் சரியானவை எனச் சான்றளிக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். கச்சேரி முத்திரை வீட்டில் இல்லாதது என் அதிர்ஷ்டம்.

அதையே தபாலில் அனுப்பியும்விட்டார். அவமானத்தில் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பாவிடமிருந்து பதில் வந்தது: 'பெண்ணின் நிறங்கள் கிடைக்கப்பெற்றோம். வெள்ளிக்கிழமை வருகிறோம்.' அவரும் ஏதோ ஆபீஸில் இருந்திருக்க வேண்டும்.

கல்யாணமானதும் அந்தப் படத்தைச் சட்டம்கூடப் போடாமல் கூடத்தில் மாட்டினார் என் வீட்டுக்காரர். வருகிறவர்களெல்லாம் நோட்டீஸ் மாதிரி அதைப் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். கழற்றச் சொல்லிக் கத்தினேன். எங்கள் முதல் சண்டை அது. மறுநாள் காலையில் பார்க்கிறேன், என் முகத்திலிருந்து பென்சிலில் புதிதாக ஓர் அம்புக்குறி!

'கோபம் வந்தால் சிவப்பு. படத்தில் தெரியாது.'

பிற்காலத்தில் எத்தனையோ கலர் போட்டோ எடுத்தார்கள். புடவை என்ன கலர் என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் பார்க்க என்ன இருக்கிறது? உடனே கீழே வைத்துவிடுவேன். இதைத்தான் இன்னமும் நின்று பார்க்கிறேன்.

அன்றைக்கு அந்தப் பென்சில் வரியை அழிக்க ரப்பரும் கையுமாகத்தான் போனேன். அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே என் வீட்டுக்காரரும் ஒரு கையெழுத்துப் போட்டுவைத்திருந்தார். நான் குமாஸ்தா வீட்டுப் பெண். ரப்பரைக் கீழே வைத்துவிட்டேன்.