குறிகட்டுவான் கரையில் காத்திருந்தவர்

காலை ஐந்தே முக்காலுக்கு வரச் சொன்னால் குணம் அண்ணை ஐந்தரைக்கே வானோடு வாசலில் நிற்பார். அந்த வெள்ளிக்கிழமை ஆறு மணி கடந்தும் அவர் வரவில்லை. நல்லூரில் ஒரு விடுதி வாசலில் ஆறு பேர் தலைமுழுகி, பூத்தட்டும் கையுமாக, நயினாதீவுக்குப் புறப்பட ஆயத்தமாக நின்றார்கள். அவருடைய தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. பண்ணைத் தெருவில் வான் சறுக்கியிருக்குமோ, வேலணைப் பக்கம் மாடு குறுக்கே பாய்ந்திருக்குமோ என்று என் மனம் விபத்தை மட்டுமே நினைத்தது. ஐந்தாவது தடவை அவருடைய மகள் எடுத்தாள்.

“அன்ரி, அப்பா எங்களை விட்டிட்டுப் போட்டார். விடிய எழும்பி முகம் கழுவினவர். உங்களிட்டை வரத்தான் வெளிக்கிட்டவர். சேட்டும் போட்டிட்டுக் கதிரையிலை இருந்தவர், பிறகு எழும்பவே இல்லை.”

என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. பின்னால் நின்ற அம்மா ஒருவர் “வான் வருமோ பிள்ளை?” என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

அவருடைய வானில் ஏறிய எத்தனையோ பேர் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறீர்கள். உங்களில் பலருக்கு அவருடைய முழுப் பெயர்கூடத் தெரிந்திராது. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். யாழ்ப்பாண நகரில் பயணங்களை ஒழுங்கு செய்கிற ஒரு சிறிய கந்தோரில் நான் வேலை செய்கிறேன். வெளியிலிருந்து வருகிறவர்களைத் தீவுப்பகுதிக் கோயில்களுக்குக் கூட்டிச் சென்று திரும்பக் கொண்டுவருவது என் பொறுப்பு. அந்தப் பயணங்களுக்குப் பதினொரு வருடங்களாக வான் ஓட்டியவர் புளியங்கூடல் குணம் அண்ணை.

வேலணைப் பிள்ளையார், ஊர்காவற்றுறை முருகன், புங்குடுதீவு அம்மன் என்று எல்லா வாசலிலும் அவர் எங்களோடு இறங்குவார். அரைக்காற்சட்டையோடு வந்து கோயில் வாசலில் முழிக்கிற பெடியளுக்குக் கொடுக்க வானின் பின்பக்கம் நாலு வேட்டி மடித்து வைத்திருந்தார். ஆனால் புங்குடுதீவின் மறுகரையான குறிகட்டுவானில் வான் நின்றதும் அவருடைய பயணம் முடிந்துவிடும். அங்கிருந்து நயினாதீவு அம்மனிடம் போகப் படகில் கால்மணி நேரம்தான். ஆட்களைக் கைபிடித்துப் படகின் விளிம்பு வரை கொண்டுபோய் விடுவார். தான் ஏறமாட்டார். நாங்கள் திரும்பும் வரை இறங்குதுறையில் வெயிலில் நிற்பார். அங்கே நிழல் இருந்தது. ஆனால் நிழலில் நின்றால் கடல் தெரியாது. அக்கரையில் கால் வைத்ததும் தொலைபேசி அடிக்கும்.

“எல்லாரும் இறங்கிட்டினமோ?”

“ஓம் அண்ணை.”

“எண்ணினனீரோ?”

ஆயிரக்கணக்கானோரை அம்மனிடம் அனுப்பியவர், தான் ஒருநாளும் போகாததை நான் முதலில் வேடிக்கையாகத்தான் எடுத்தேன். “உங்களுக்கு அம்மாளிலை கோவமோ?” என்று ஒருமுறை கேட்டேன். “அம்மாளிலை இல்லை” என்றார். சொல்லிவிட்டு அவர் கடலைப் பார்த்த விதத்தில், கடலுக்குத்தான் பயம் என்று விளங்கிக்கொண்டேன்.

ஒருமுறை அவரோடு நான் பெரிதாகச் சண்டை பிடித்தேன். அன்றைக்கு ஜேர்மனியிலிருந்து வந்த ஒரு குடும்பம். மகளுக்காக அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தார்கள். மறுநாள் விமானம். குறிகட்டுவானில் இறங்கிக் கடலைப் பார்த்தவர், படகுக்காரரோடு ஏதோ கதைத்துவிட்டு வந்து, “இண்டைக்குப் படகு ஓடேல்லையாம்” என்று அறிவித்தார். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று பலமாகத்தான் இருந்தது. நாங்கள் புங்குடுதீவுக் கோயிலிலேயே அருச்சனையை முடித்துக்கொண்டு திரும்பினோம். பின்னேரம்தான் தெரிந்தது, அன்று எல்லாப் படகுகளும் ஓடியிருக்கின்றன. எல்லாரும் சுகமாகப் போய் வந்திருக்கிறார்கள். அந்தத் தாய் என் கந்தோருக்கு வந்து அழுதார். நான் குணம் அண்ணையைக் கூப்பிட்டு, “உங்கடை பயத்துக்காக மற்றச் சனத்தின்ரை நேர்த்தியைக் கெடுக்கிறியள்” என்று சொல்லிவிட்டேன்.

அவர் தலையைக் குனிந்து கேட்டார். பிறகு, “பொய் சொன்னது பிழைதான். ஆனால் ஒண்டும் நடக்காமல் போனதுக்காக நான் கவலைப்பட மாட்டன் தங்கச்சி” என்றார். அந்தப் பதில் எனக்கு ஆத்திரத்தைத்தான் தந்தது.

அதற்கு அடுத்த வருடம், ஆனி மாதத் திருவிழா முடிந்து சில நாட்களில், கனகரத்தினம் ஐயா வந்தார். புங்குடுதீவில் பிறந்து, தம்பியோடு சேர்ந்து மாத்தறையில் கடை நடத்தி, கலவரங்களோடு கனடாவுக்குப் போனவர். வயது எண்பத்து மூன்று. நினைவு தவறத் தொடங்கியிருந்தது. மகள் சுமதியும் வேறு ஒன்பது உறவினரும் கூட வந்தார்கள். தம்பி ராசன் இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன, ஆனால் வானில் ஏறிய உடனே ஐயா குணம் அண்ணையின் தோளில் கைவைத்து, “ராசன், கடையைப் பூட்டினனீயோ?” என்று கேட்டார். சுமதி சங்கடப்பட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் குணம் அண்ணை, “பூட்டிட்டன் அண்ணை” என்றார்.

அன்று முழுவதும் ஐயா வேறொருவரின் கையையும் பிடிக்கவில்லை. குறிகட்டுவானில் படகின் விளிம்பு வரை குணம் அண்ணையின் கையைப் பிடித்தபடியே வந்து ஏறினார். குணம் அண்ணை கையை மெல்ல விடுவித்துக்கொண்டு கரையில் நின்றார். படகு ஓடத் தொடங்கியதும் ஐயா திரும்பித் திரும்பிப் பார்த்தார். “தம்பி எங்கை? தம்பியை விட்டிட்டு வாறியள்” என்று கடல் முழுவதும் சொல்லிக்கொண்டே வந்தார்.

பூசை முடிந்து, அன்னதானச் சாப்பாடு முடிந்து, வளையல் கடைகளில் சுற்றிவிட்டுப் படகடிக்கு வந்தபோது எண்ணினேன். பதினொரு பேர் இருக்க வேண்டும். பத்துப் பேர்தான் நின்றார்கள். மறுபடி எண்ணினேன். சுமதி, “அப்பா மாமாவோடை நிக்கிறார் எண்டு நினைச்சன்” என்றார். கூட வந்திருந்த மாமா, “நான் உன்னோடை எண்டெல்லோ நினைச்சன்” என்றார்.

கோயிலின் உள்வீதி, வெளிவீதி, மடம், கேணியடி எல்லா இடமும் ஓடினோம். கேணிக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைத்தார்கள். சுமதி செருப்பில்லாமல் வெயிலில் காய்ந்த மணலில் ஓடிக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து, வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர்தான் வந்து சொன்னார்: “கிழக்குப் பக்கம் ஒரு வயசாளி கடலுக்கை நிக்கிறார். கூப்பிட்டால் வாறார் இல்லை.”

இடுப்பளவு தண்ணீரில் வேட்டியோடு நின்றார் ஐயா. எதிரே புங்குடுதீவுக் கரை பனைமரங்களோடு தெளிவாகத் தெரிந்தது. “உங்கை வீடு தெரியுது. நான் நடந்து போடுவன். தம்பி அங்கை தனிய நிக்கிறான்” என்றார். இரண்டு பேர் பிடிக்க இறங்கினார்கள். அவர் இன்னும் இரண்டடி உள்ளே போனார். ஒரு அலை நெஞ்சில் அடித்து அவரைத் தள்ளாட வைத்தது. இறங்கியவர்கள் பயந்து அப்படியே நின்றுவிட்டார்கள். “பயப்பிடாதேங்கோ ஐயா, பயப்பிடாதேங்கோ” என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். எனக்குமே பயம்தான்.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது.

“என்ன, இன்னும் படகைக் காணேல்லை?”

நடந்ததைச் சொன்னேன். “உங்களைத்தான் கேக்கிறார் அண்ணை. தம்பியிட்டைப் போகவேணுமாம்.”

அவர் வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. தொடர்பு துண்டிக்கப்பட்டது.

அடுத்த படகு எப்போது வந்தது என்று நான் பார்க்கவில்லை. அவர் படகுக்காரப் பெடியன் ஒருவனின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியபோதுதான் கண்டேன். குணம் அண்ணையின் சேட்டு முழுக்க நனைந்திருந்தது. முகத்தில் இரத்தமே இல்லை. பிறகு படகுக்காரர் சொன்னார், அவர் இருக்கையில் இருக்கவில்லையாம். தரையில் குந்தி, இரு கைகளாலும் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி வந்தாராம்.

என்னைப் பார்க்காமல் நேரே தண்ணீரில் இறங்கினார். முழங்காலளவில் நின்றுவிட்டார். அதற்கு மேல் அவரால் போக முடியவில்லை.

“அண்ணை” என்று கூப்பிட்டார். “எனக்குப் பயமாய்க் கிடக்கு. தனியத் திரும்பிப் போக ஏலாது.”

ஐயா திரும்பினார். “என்னடா பயம்?”

“கடலுக்குப் பயம்.”

ஐயா அவரைச் சிறிது நேரம் பார்த்தார். “சின்னனிலை இருந்தே உனக்கு உதுதான்” என்று அலுத்துக்கொண்டார். பிறகு, ஒருவரும் இழுக்காமல், ஒருவரும் கெஞ்சாமல், தண்ணீரைத் தள்ளிக்கொண்டு தானாகவே நடந்து வந்தார். “கையைத் தா” என்றார். குணம் அண்ணை கொடுத்தார்.

கோயிலைத் தாண்டித்தான் படகடிக்கு வரவேண்டும். “அண்ணை, இவ்வளவு தூரம் வந்திட்டியள், உள்ளுக்கை ஒருக்கால் கும்பிட்டிட்டு வாங்கோ” என்றேன். ஐயாவின் பிடி தளரவில்லை. கடைசிப் படகு எங்களுக்காகக் காத்து நின்றது. கோபுரத்தைப் பார்த்து ஒற்றைக் கையை நெஞ்சில் வைத்தார். “பேந்து ஒருநாளைக்கு வாறன்” என்றார். எனக்குச் சொன்னாரா அம்மனுக்குச் சொன்னாரா தெரியாது.

திரும்பும் வழியில் காற்று மேலும் ஏறியிருந்தது. ஒவ்வொரு அலைக்கும் குணம் அண்ணை கண்ணை மூடினார். ஐயா அவருடைய முதுகைத் தடவியபடி, “உந்தா, கரை வந்திட்டுது” என்று கரை வர வெகுநேரம் முன்பிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார்.

குறிகட்டுவானில் எல்லாரையும் வானில் ஏற்றிய பிறகும் அவரால் உடனே வானை எடுக்க முடியவில்லை. இறங்கிப் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தார். நான் தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்தில் நின்றேன். அங்கேதான் சொன்னார்.

“சண்டைக் காலத்திலை இடம்பெயர்ந்து போகேக்கை நாங்கள் போன வள்ளம் கவிண்டது. பக்கத்திலை இருந்த ஒரு மனிசியின்ரை கை என்ரை கையுக்கை இருந்தது. ஆரெண்டு தெரியாது. நான் விட்டிட்டன். அலை பிடுங்கிப் போட்டுது எண்டு வீட்டிலை சொன்னனான். இல்லைத் தங்கச்சி. நான்தான் விட்டனான். பிடிச்சுக்கொண்டு நீந்த ஏலேல்லை. அவ தப்பினவவோ எண்டு இண்டுவரைக்கும் எனக்குத் தெரியாது.”

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். முந்திய வருடம் “உங்கடை பயத்துக்காக” என்று நான் பேசியது மட்டும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்காவது மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அன்றோடு அவருடைய பயம் போய்விட்டது என்று நினைத்தால் தவறு. அடுத்த கிழமை வேறு ஆட்களோடு போனோம். வழமைபோலப் படகின் விளிம்பில் கையை விட்டுவிட்டுக் கரையில் நின்றார். “வாறியளோ?” என்று கண்ணால் கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு நான் கேட்கவில்லை. அவர் போகவுமில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் நெடுந்தீவுக்கு ஆட்களை ஏற்றிவிட்டு அவர் இறங்குதுறைச் சுவரில் கைவைத்து மூச்சு வாங்குவதைக் கண்டேன். டொக்டரிடம் காட்டச் சொன்னேன். “சீசன் முடியக் காட்டுறன்” என்றார். அவர் வராவிட்டால் அன்றைய பயணங்களை யாரை வைத்துச் சமாளிப்பது என்று நானும் யோசித்தேன். அதனால்தான் இரண்டாம் முறை சொல்லாமல் விட்டேனோ என்று இப்போது விடியவிடிய யோசிக்கிறேன். பதில் எனக்குத் தெரியும். எழுதத்தான் கை வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நல்லூரில் நின்ற ஆறு பேரும் நயினாதீவுக்குப் போகவில்லை. “முதலிலை அவரின்ரை வீட்டை போவம்” என்று அவர்களேதான் சொன்னார்கள். ஒருவரும் அவரை நேரில் கண்டதில்லை. கொண்டுவந்த பூக்களை அவருடைய காலடியில் வைத்தார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பின் அவருடைய மனைவியோடு குசினிக்குள் இருந்து கதைத்துக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில், “அண்ணை நயினாதீவுக்கு வந்த அண்டைக்கு...” என்று தொடங்கினேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“ஆர், இவரோ? இவர் எங்கை கடலுக்குப் போனவர்?”

அவருக்குத் தெரியாது. அண்ணை ஒருநாளும் வீட்டில் சொல்லவில்லை. நான் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். இடையிலேயே என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அந்த ஐயா? கரைக்கு வந்தவரே?”

“வந்தவர் அக்கா. அண்ணையின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தவர்.”

“விடேல்லையோ?”

“கடைசிமட்டும் விடேல்லை.”

அவர் எனக்குக் கிட்ட நகர்ந்து இருந்தார். பிறகு, “முதலிலை இருந்து திரும்பச் சொல்லும்” என்றார். சொன்னேன்.

இப்போது வேறு வான், வேறு சாரதி. கடல் அதே கடல்தான். வயது போனவர்கள் படகின் விளிம்பில் கால் வைக்கத் தயங்கும்போது “பயப்பிடாதேங்கோ” என்று முன்பெல்லாம் பழக்கத்தில் சொல்வேன். அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். எனக்கும் பயம் என்று சொல்லிக் கையை நீட்டுகிறேன். அநேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். குணம் அண்ணையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான்.