தீர்த்தம் என்று குடித்த தண்ணீர்

மூத்த மகள் தாய்லாந்துக்காரரைக் கட்டிக்கொண்டு ஹாட்யாய்க்குப் போய் ஒன்பது வருஷம். "இந்த லயத்து வீட்டு வாசல மிதிக்கக் கூடாது" என்று அவளுடைய அப்பா சொல்லிவிட்டார். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் மிதிக்கவில்லை. நானும் வா என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டு வராமல் போனால் என்ன செய்வேன்? போனில் மழையைப் பற்றித்தான் பேசுவோம். இந்தத் தேயிலை மலையில் மழைக்கா பஞ்சம்?

போன சித்திரைக்கு ரெண்டு மாசம் முன்னால் அவளே கூப்பிட்டாள். "சொங்கிரான் வருதும்மா. இவங்களுக்கும் அன்னைக்குத்தான் வருஷப் பொறப்பு. வாயேன்."

என்னோடு இருக்கும் சின்ன மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "பாஸ்போர்ட் எடுக்கணும். ஒனக்குக் கையெழுத்தே போடத் தெரியாதேலா."

"கைநாட்டு வாங்க மாட்டாங்களாடா?"

போய்ப் பார்த்தால் அந்த ஆபீசில் எல்லாருக்கும் கைநாட்டுதான். கோட்டு போட்டவர்கூட என் பின்னால் நின்று விரலை வைத்தார். எனக்கு அன்றைக்கெல்லாம் சிரிப்பு.

ஹாட்யாய் தெருவில் கால் வைத்ததுதான் தெரியும், ஒரு வாளித் தண்ணீர் தலையில். சொங்கிரானுக்கு ஊரே தண்ணீர் ஊற்றி விளையாடுமாம். இன்னொருத்தி கன்னத்தில் மாவைக் குழைத்துப் பூசினாள். நான் விடுவேனா? மருமகன் கையிலிருந்த வாளியை வாங்கி, மோட்டார் சைக்கிளில் போன போலீஸ்காரர் முதுகில் ஊற்றினேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போகிறார்!

சேலை மாற்றியதும் என்னைச் சம்பந்தியம்மா பக்கத்தில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சின்னவர்கள் வெள்ளிக் கிண்ணத்தோடு வரிசையாக முட்டி போட்டு வந்தார்கள். கிண்ணத்தில் மல்லிகை மிதந்தது. முதலில் வந்த பெண், மருமகனின் தங்கை, என் கையில் தண்ணீரை ஊற்றினாள். மாரியம்மன் கோயிலில் எத்தனை வருஷப் பழக்கம். உள்ளங்கையைக் குவித்து மடக்கென்று குடித்து, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டேன். தொண்டையெல்லாம் சென்ட் வாசனை.

சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு வீடே சிரித்தது.

மகளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "குடிக்கிறதில்லம்மா அது. பெரியவங்க கையில ஊத்தி, தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிருங்கன்னு கேக்குறது. நீ நல்ல வாக்கு சொல்லணும்."

சம்பந்தியம்மா துண்டை நீட்டி என்னவோ சொன்னார்.

"என்னாடி சொல்றாங்க?"

"ஒன் வாக்கு வயித்துக்குள்ள இருந்து வருமாம்."

கடைசியில் மகள் முட்டி போட்டாள். கொழுந்து கிள்ளிக் காய்த்துப்போன இந்த விரல்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.

"அப்பா சாவுக்கு வரலல்லம்மா. அதுக்கு."

"நல்லா இரு" என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. "வான்னு நீ ஒரு தடவகூட சொல்லலியே."

"சொல்லி நீ வராட்டி?"

"சொன்னாத்தானம்மா வர முடியும்."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று. "வாடி" என்றேன். "புள்ளைங்களயும் கூட்டிக்கிட்டு வா."

அடுத்த பள்ளி லீவுக்கு வருகிறேன் என்றாள். அங்கே லீவு எந்த மாசம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. போனில் கேட்டால் அவசரப்படுத்துவது போல இருக்கும். அதனால் மலைமேல் இருக்கும் தானா ராத்தா டவுனுக்குச் சாமான் வாங்கப் போகும்போதெல்லாம் பஸ் ஸ்டேஷனைச் சுற்றிக்கொண்டு போகிறேன். வடக்கே, அவள் இருக்கும் பக்கமிருந்து வரும் பஸ்ஸில் கடைசி ஆள் இறங்கும்வரை நிற்பேன். பிறகுதான் மீன் வாங்கப் போவேன்.