அக்கா குளிக்கும்போது அணைந்த கீசர்

என் கணவரின் அக்காவுக்குக் காஞ்சிபுரத்தில் ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். மானாம்பதியில் அவர் தனியாகத்தான் இருந்தார். ஊசி போட்டுக்கொள்ள அடிக்கடி காஞ்சிபுரம் போகவேண்டும் என்பதால், அது முடியும்வரை உத்திரமேரூரில் எங்களோடு இருக்கட்டும் என்று அழைத்து வந்தோம்.

கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத வருஷங்கள் அவை. அக்காவுக்கு வெந்நீர் வேண்டுமே என்று, கேஸில் எரியும் கீசர் ஒன்றை வாங்கிக் குளியலறைச் சுவரில் மாட்டினோம். குழாயைத் திறந்தால் பொறி தட்டி, உள்ளே நீலமாகப் பற்றிக்கொள்ளும்.

எனக்கு ஒழுங்காக எரிந்தது. அக்கா போனால் மட்டும் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். "ஏம்மா, பச்சத் தண்ணியா வருது" என்று உள்ளேயிருந்து குரல் வரும். பேட்டரியை மாற்றினேன். வேறு சிலிண்டர் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் போகிற வழியிலிருந்த சல்லடையைக் கழற்றி மண்ணை அலம்பினேன். எதற்கும் அது அசையவில்லை. பாதி சோப்போடு நடுங்கிக்கொண்டு அவர் வெளியே வருவதைப் பார்க்க எனக்குத் தாளவில்லை.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அடுப்பு ரிப்பேர் செய்பவரைக் கூட்டிவந்தேன். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் எரியவிட்டுப் பார்த்தார். அணையவே இல்லை.

"காத்து கம்மியானா தானா அணையிற மாதிரி இதுல ஒண்ணு வெச்சிகிறாங்கக்கா. அதான் பேஜார் பண்ணிக்கினு கீதோ இன்னாவோ. அத்த எடுத்து உட்டா அணையாது. ஆனா வேணாங்கா, ஆபத்து."

"மேல ஜன்னல் கீதே, காத்துக்கு இன்னா கொறச்சல்? எடுத்துடுங்க. ஒடம்பு முடியாதவங்க குளிக்கணும்" என்றேன்.

அவர் தயங்கினார். நான் மறுபடியும் சொன்னேன். எடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை, அக்கா குளிக்கப் போய் வெகுநேரம் ஆகியும் தண்ணீர் கொட்டுகிற சத்தம் நிற்கவில்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. கதவைத் தட்டிக் கத்தினேன். உள்ளே ஏதோ உரசுவதுபோல் கேட்டது. அவர் எப்படியோ எழுந்து தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டு, கதவோடு என்மேல் சரிந்தார். உள்ளே இருட்டு. லைட் போடவில்லை. ஜன்னல் இடுக்குகளில் பழைய புடவை திணித்திருந்தது. கீசர் மட்டும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

அவர்மேல் ஒரு புடவையைச் சுற்றித் தோட்டத்துக்கு இழுத்துவந்து போட்டேன். வாந்தி எடுத்தார். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஆக்சிஜன் வைத்தபிறகுதான் பேச்சு வந்தது.

"தெனம் ஜன்னல அடைப்பியாக்கா?" என்று கேட்டேன்.

"குளிச்சிட்டு எடுத்துடுவேன். வெளிச்சம் இருந்தா குனிஞ்சி பாக்கத் தோணுதுமா. பாக்க முடியல."

"அது அணைஞ்சது ரிப்பேர் இல்லக்கா. உன்னக் காப்பாத்தத்தான் அணைஞ்சிகீது. நான்தான் அத்த எடுக்கச் சொன்னேன்."

அவர் என் கையைத் தேடிப் பிடித்து, "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் நீ" என்றார்.

ஆமாம். கீசரிடம் கேட்டதில் பாதியாவது அவரிடம் கேட்டிருக்கலாம். அவர் குளித்துவிட்டுத் தலை வலிக்கிறது என்ற நாட்களிலும், அது ஊசியால்தான் என்று நானே முடிவு செய்துகொண்டிருந்தேன்.

ரிப்பேர்காரர் மறுபடி வந்தார். என்னைத் திட்டவில்லை. எடுத்ததைத் திரும்பப் பொருத்தி, கீசரையே கழற்றிப் பின்சுவருக்கு வெளியே மாட்டி, குழாயை மட்டும் உள்ளே விட்டார். அதன்பின் அது நடுவில் அணையவில்லை.

அக்கா கதவைத் தாழிடுவதை விட்டுவிட்டார். பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு காலை, "முதுவு தேய்ச்சி உடுறியாம்மா? கை தூக்க முடியல" என்று கூப்பிட்டார். நான் போனபோது விளக்கு எரிந்தது. தழும்பு அக்குள்வரை ஓடியிருந்தது. நான் பார்ப்பதை அவர் பார்த்தார். "இன்னா, இம்மாம் பெரிசா கீதுன்னு நெனைக்கிறியா?" என்றார். தலையாட்டினேன். "எனக்கும் இன்னிக்கிதான் தெரியும்" என்று முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார்.

ஊசிகள் முடிந்ததும் மானாம்பதிக்குத் திரும்பிப் போனார். அங்கே இன்னும் நான்கு வருஷம் இருந்தார்.