லூர்து குடித்த இரண்டு கஞ்சி

எர்ணாவூரில் வசந்தம் வருவதை முதலில் அறிவிப்பவை ஈக்கள். மாசி பிறந்து காலைப் பனி மெலிந்ததும், குயிலுக்கும் மாந்தளிருக்கும் முன்னதாகவே அவை வந்து மாடுகளின் கண்ணோரம் இடம் பிடித்துவிடும். தளிரும் வராமல் இல்லை. வடக்கே அனல்மின் நிலையத்திலிருந்து காற்றில் வரும் சாம்பல் அதன்மேல் படிந்து, துளிர்த்த அன்றே அதற்கு ஒரு முதுமைக் களை கொடுத்துவிடும், அவ்வளவுதான்.

அந்தச் சாம்பலைத் தட்டித் தட்டித்தான் ஃப்ளோரன்ஸ் தினமும் வைக்கோலை உதறிப் போடுவாள். அவளுடைய இடத்தைக் கால்நடை மருந்தகத்தில் ‘பண்ணை’ என்பார்கள். தெருவில் அதற்குப் பெயர் கொட்டாய். சிமென்ட் ஷீட் போட்ட கூரை, மூன்று மாடுகள், யாருக்கும் கட்டுப்படாத சில கோழிகள். வாசலில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். ராயபுரத்தில் பிறந்து, சன்னலில் கப்பல் பார்த்து வளர்ந்தவள். “கடல்காத்து வாங்கினவ இப்போ சாணி அள்ளினுகீறா” என்று அவள் அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். ஆனால் அந்த அக்காவுக்குக் காலையில் கறந்த பால் போகாவிட்டால் மத்தியானத்துக்குள் போன் வந்துவிடும்.

மூன்றில் இரண்டு மாடுகள் பால் வற்றிக்கொண்டு வருபவை, கறப்பது வீட்டுக்கும் அக்காவுக்கும்தான் காணும். மூன்றாவது, லூர்து. லூர்து மாதா திருநாளன்று வாங்கியதால் அந்தப் பெயர். “நல்லவேள, பெரிய வெள்ளிக்கு வாங்கல” என்றான் அவள் கணவன் சவரிநாதன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். உயரத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பதாலோ என்னவோ, வீட்டு விஷயங்களையும் அவன் மேலேயிருந்துதான் பார்ப்பான்.

லூர்து நிறைசினை. பங்குனியில் ஈன வேண்டும். அதற்குள் சவரிநாதன் ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தான்.

“கெடேரி போட்டா கொட்டாய் இருக்கட்டும். காளக்கண்ணு போட்டா எல்லாத்தயும் வித்துட்டு டிரெய்லர்காரனுக்கு எடத்த வுட்றலாம். இன்னா சொல்ற?”

“மாடு இன்னா, உன்ன கேட்டுகினா போடும்?”

“அதான் சொல்றேன். உன்னயும் கேக்காது, என்னயும் கேக்காது. யாரும் யாரயும் கொற சொல்ல முடியாது பாரு.”

ஃப்ளோரன்ஸ் மனசுக்குள் கணக்குப் போட்டாள். கிடாரி என்றால் வளர்க்கலாம், அது ஈனும், கொட்டாய்க்கு இன்னும் சில வருஷம் ஆயுசு. இல்லையென்றால் டயர்களும் டீசல் வாடையும். மாலையில் லூர்தின் வயிற்றில் கை வைத்து, உள்ளே உதைப்பது பெண்ணின் கால்தான் என்று முடிவுசெய்துகொண்டாள். முடிவுசெய்வதற்கு ஆதாரம் எதுவும் தேவைப்படவில்லை.

அந்த வருஷம் ஓர் அதிசயம் நடந்தது. தவக்காலமும் ரம்ஜானும் ஒரே வாரத்தில் தொடங்கின. ஃப்ளோரன்ஸ் ஈஸ்டர்வரை பாலை விட்டாள், டீயில்கூட. வீட்டிலேயே பால் கறந்துகொண்டு கட்டன் டீ குடிப்பதில் அவளுக்கு வருஷாவருஷம் ஒரு பெருமை. பக்கத்துக் கொட்டாயில் ஆடு வளர்க்கும் ஜஹாங்கீர் பகலெல்லாம் தண்ணீர்கூடத் தொடாமல் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டினான். அவனை அவள் ‘பாய்’ என்பாள், அவன் அவளை ‘யக்கா’ என்பான். புல் தீய்ந்துவிட்ட அந்த நாட்களில், அவளிடம் இருக்கும் தவிடு அவன் ஆட்டுக்கும், அவன் ஒடித்து வரும் பூவரசந் தழை அவள் மாட்டுக்கும் போகும். கேட்டு வாங்குவதில்லை, சொல்லிவிட்டுப் போடுவதுமில்லை. அந்தப் பழக்கத்தில் குறை சொல்ல யாருக்கும் எதுவும் இருந்ததில்லை.

முதல் வெள்ளி. கோவிலில் சிலுவைப்பாதை முடிந்ததும் கஞ்சி. காய்ச்சும் முறை ஃப்ளோரன்ஸின் தெருவுக்கு. வந்தவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. “அரிசிக் கஞ்சி வாணாம் சிஸ்டர்” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மீதிப் பேர் நோன்பின் மரியாதைக்காக அரைக் குவளையோடு நிறுத்திக்கொண்டார்கள். அண்டா ஏறக்குறைய அப்படியே நின்றது. சாமியார் ஜெபித்து மந்திரித்த கஞ்சி. சாக்கடையில் ஊற்ற முடியாது. ஃப்ளோரன்ஸுக்கு உடனே ஒரு முகம் ஞாபகம் வந்தது, நீளமான முகம், கொம்போடு. ஆட்டோவில் அண்டாவை ஏற்றினாள்.

அதே நேரத்தில், அல்லது அதற்குச் சற்று முன்னால், பள்ளிவாசலிலும் கஞ்சி மிஞ்சியிருந்தது. ஜும்மா நாள் என்று கூடுதலாகக் காய்ச்சிவிட்டார்கள். ஜஹாங்கீர் நோன்பு திறந்த கையோடு ஒரு பெரிய வாளி வாங்கி வந்தான். ஆட்டுக்குப் போடலாம் என்றுதான் வந்தான். வழியில் லூர்து அவனைப் பார்த்தது. நிறைசினை மாடு ஒன்று பார்த்தால் அவனால் தாண்டிப் போக முடியாது. வாளியை அதன் தொட்டியில் கவிழ்த்துவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டான்.

ஃப்ளோரன்ஸ் வந்தபோது தொட்டி கழுவித் துடைத்ததுபோல் இருந்தது.

“இன்னாடி, காலித் தொட்டிய நக்கினுகீற. அவ்ளோ பசியா?”

லூர்து மறுக்கவில்லை. அண்டாக் கஞ்சியும் தொட்டியில் இறங்கியது. மனிதர்கள் இரண்டு மார்க்கத்தில் வயிற்றைக் கட்டியதன் பலனை ஒரே மாடு ஒரே மாலையில் அனுபவித்தது.

விடிந்தபோது லூர்து படுத்திருந்தது. இடப்பக்கம் உப்பியிருந்தது, கண் உள்ளே போயிருந்தது, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. ஃப்ளோரன்ஸ் போன் செய்ததும் டாக்டர் தேவப்பிரியம் ஸ்கூட்டரில் வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். கோபம் வந்தால் மட்டும் ஊர்ப்பேச்சு எட்டிப் பார்க்கும்.

“நேத்து என்ன போட்டிய?”

“கஞ்சிதான் டாக்டரம்மா. கோயில் கஞ்சி.”

“அரிசியா? எவ்வளவு?”

“ஒரு அண்டா. கோயில் கஞ்சின்றதால ஒண்ணும் பண்ணாதுன்னு…”

“மாட்டுக்கு வேதம் தெரியாதும்மா. அதுக்கு அரிசி அரிசிதான். வயித்துல புளிச்சுப் போயி விஷமா நிக்குது.” ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குழாய்வழியே உள்ளே விட்டாள். வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். முகம் தெளியவில்லை. “ஒரு அண்டாவுக்கு இவ்வளவு ஆகாதே. வேற என்னமும் தின்னுச்சா?”

“நான் வேற ஒண்ணும் வைக்கல. சத்தியமா.”

ஜஹாங்கீர் தடுப்புக்கு அந்தப் பக்கம் தன் ஆட்டுப் புழுக்கைகளை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

“யக்கா. நானும் ஒரு வாளி ஊத்தினேன்.”

“எப்போ?”

“நீ வர்றதுக்கு முன்னால. நோம்புக் கஞ்சி. பள்ளிவாசல்ல குட்த்தது, அது இன்னா பண்ணிடப் போவுதுன்னு…”

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “நல்லா இருக்கு உங்க நோன்பு” என்றாள். குளுக்கோஸ் பாட்டிலைக் கூரைக் கம்பியில் கட்டினாள்.

ஃப்ளோரன்ஸுக்கு ஜஹாங்கீரைத் திட்ட வேண்டும் போலிருந்தது. திட்டுவதற்கு எடுத்த ஒவ்வொரு சொல்லும் தனக்கும் பொருந்துவதைக் கண்டு வைத்துவிட்டாள். அன்று பகல் முழுக்க இருவரும் மாட்டின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து வயிற்றைத் தேய்த்தார்கள். வெயில் ஏறியது. அவளுக்குத் தொண்டை காய்ந்தபோது அவனைப் பார்த்தாள். அவனுக்கு முன்னால் தண்ணீர் குடிக்கக் கூச்சமாக இருந்தது.

“குடி யக்கா. ஒனக்குதான் தண்ணிக்குத் தட இல்லியே.”

“நீ ஒண்ணும் சொல்ல வாணாம்” என்றாள். குடிக்கவில்லை.

லூர்து பிழைத்தது. அடுத்த வாரம், நாள் வருமுன்னே, காலையில் ஈன்றது. கன்று அசையவில்லை. ஜஹாங்கீர் வைக்கோலால் மூக்கைத் துடைத்தான், நெஞ்சைத் தேய்த்தான், பின்னங்காலைப் பிடித்துத் தூக்கிக்கூடப் பார்த்தான். லூர்து மட்டும் விடாமல் நக்கிக்கொண்டிருந்தது. ஃப்ளோரன்ஸ் கன்றின் வாலைத் தூக்கிப் பார்த்தாள்.

கிடாரி.

சீம்பால் வந்தது. கெட்டியாக, மஞ்சளாக, ஒரு குண்டான் நிறைய. குடிக்க வேண்டியது குடிக்கவில்லை. ஃப்ளோரன்ஸுக்கு ஈஸ்டர்வரை பால் ஆகாது, ஜஹாங்கீருக்குச் சாயங்காலம்வரை எதுவும் ஆகாது. குண்டான் இருவருக்கும் நடுவில் இருந்தது. ஈக்கள் விளிம்பில் உட்கார்ந்தன. அவற்றுக்கு நோன்பு கிடையாது.

சவரிநாதன் ஷிஃப்ட் முடிந்து வந்து, புதிதாக மூடியிருந்த குழியைப் பார்த்தான்.

“இன்னாது?”

“கெடேரி.”

அவன் பேச்சுப்படி கொட்டாய் இருக்க வேண்டும். அவன் அதைச் சொல்லவில்லை, அவளும் நினைவூட்டவில்லை. செத்ததை வைத்து வழக்காட அவளுக்கு வாய் வரவில்லை. வற்றிய மாடுகள் இரண்டையும் சவரிநாதன் விற்றான், புழல் பக்கத்து ஆள் ஓட்டிக்கொண்டு போனான். கொட்டாயின் அந்தப் பாதியை இடித்து ஒரு டிரெய்லர் மூக்கை உள்ளே நீட்டி நின்றது. லூர்தை யாரும் கேட்கவில்லை. எலும்பு தெரிந்த மாட்டை வாங்குவார் இல்லை. அதனால் அது ஃப்ளோரன்ஸிடமே இருந்தது. விருப்பத்தால் காப்பாற்ற முடியாததை நோஞ்சான் உடம்பு காப்பாற்றிக் கொடுத்தது.

அடுத்து அவள் தெருவுக்குக் கஞ்சி முறை வந்த வெள்ளிக்கிழமை, மிஞ்சியதைக் கோவில் வாசலிலேயே வழிப்போக்கர்களுக்கு ஊற்றித் தீர்த்துவிட்டு, காலி அண்டாவைக் கொட்டாய்க் குழாயடியில் போட்டுத் தேய்த்தாள். சத்தம் கேட்டு லூர்து எழுந்தது. கயிறு இழுபட, கழுத்தை நீட்டி, அண்டாவைப் பார்த்து ஆசையாக ஒரு குரல் கொடுத்தது.

ஃப்ளோரன்ஸ் கை நிறுத்தாமல் தேய்த்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஜஹாங்கீர் ஒரு கட்டு வைக்கோலைத் தூக்கிக் காட்டினான்.

“போடலாமா யக்கா?”

முதல்முறையாக அவன் கேட்டுவிட்டுப் போட்டான்.