உப்புப் பார்க்க ஓர் ஆள்

"உப்புப் பாக்க ஒரு ஆளு வேணுங்க" என்று அகப்பையோடு வகுப்பு வாசலில் நிற்கிறார் பொன்னாயி. பதினொரு மணி என்றால் இது தவறாது. அருணாசலம் வாத்தியார் கணக்கை நிறுத்திவிட்டு, "யாரு வேணுமோ இழுத்துக்கிட்டுப் போ" என்பார்.

மலைமேல் இருக்கும் எங்கள் குண்டூர் நாட்டுப் பள்ளிக்கூடத்தில் பொன்னாயி ஆறு வருடமாக மதியச் சோறு ஆக்குகிறார். இன்னும் உப்புப் போடத் தெரியவில்லை என்பது ஊரின் முடிவு.

உண்மையில், முதல் நாள் தட்டில் சோற்றை மிச்சம் வைத்த பிள்ளையைத்தான் கூப்பிடுவார். ஐந்தாம் வகுப்பில் எனக்கு இது மூன்றாம் வருடம்; அதனால் கண்டுபிடித்தேன். கணக்கிலிருந்து தப்பிக்க ஒருநாள் பாதிச் சோற்றை ஒதுக்கி, முகத்தையும் தொங்கப்போட்டேன். மறுநாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மிச்சத்த நாயிக்கு வெச்சதப் பாத்தேன். உக்காந்து கணக்கப் போடு சாமி."

போகிற பிள்ளையை அடுப்படியில் உட்கார வைத்து ஒன்றும் கேட்கமாட்டார். தன் வெள்ளாட்டின் வயிற்றுப்போக்கை விவரமாகச் சொல்வார். ஆடு தேறுவதற்குள் பிள்ளை தன் கதையைத் தொடங்கிவிடும். கிழங்கு திருட அடுப்படியின் ஓலைத் தட்டிக்குப் பின்னால் பதுங்குவதால் எனக்குத் தெரியும். கேட்டதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கிழங்கு விஷயம் வெளியே வந்துவிடும்.

போன மாதம், மிளகு பறிக்க ஏறிய, என் வகுப்பு நல்லமுத்துவின் அண்ணன் மரத்திலிருந்து விழுந்து செத்தான். அன்றோடு நல்லமுத்து பேச்சை விட்டான். தினமும் உப்புப் பார்த்தான். தலையை மட்டும் ஆட்டினான். பன்னிரண்டாம் நாள் அவன் அப்பா அப்பாசாமி வந்தார்.

"பேயி புடிச்சிருக்குதுங்க. பூசாரி சாட்டையில நாலு போட்டா எறங்கிருமுங்க. பள்ளிக்கூடம் இனி வேண்டாமுங்க."

வாத்தியார் தன் பிரம்பைப் பார்த்தார்.

"கூட்டிக்கிட்டுப் போங்க. உப்பு மட்டும் பாத்துட்டு வரட்டும்" என்றார் பொன்னாயி.

அடுப்படியில் அவனிடம், "ஆடு செத்துப்போச்சு சாமி. பட்டியத் தொறந்து விட்டதே நாந்தான்" என்றார். அன்று காலையில்தான் அந்த ஆடு என் சட்டையை மென்றது.

நல்லமுத்து குழம்பை விழுங்கினான். "உச்சியில நெறையக் காச்சிருக்குன்னு... அண்ணன நாந்தான் ஏறச் சொன்னேன்."

வாசலில் நின்ற அப்பாசாமி உள்ளே வந்தார். மகன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். "காத்தால போயி ஏறுன்னு வெரட்டினவன் நாந்தாண்டா கண்ணு."

வெளியே எண்பது பிள்ளைகள் பசியில் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பொன்னாயி பரிமாறப் போகாமல், அடுப்பிலிருந்து கொள்ளிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, தண்ணீர் தெளித்து அணைத்தார்.